மண்ணெண்ணெய்க் கார்: எழுதப்படாத ஒரு வரலாற்றுக்கான சில குறிப்புகள்

கார்பரேற்றர் பூட்டிய பழைய காரை வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லை நன்கு தெரிந்திருக்கும். விடியற்காலையில் குளிர்ந்துபோய்க் கிடக்கும் எஞ்சின் முதற் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். பத்து மைல் ஓடிவிட்டுக் கடை வாசலில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து வந்து திறப்பைத் திருகினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணித்தியாலம் காத்திருந்தால் ஒன்றுமே நடவாததுபோல் பிடிக்கும். எமது ஊரில் இதற்கு 'எயார் லொக்' என்று பெயர். பெயர் பிழை, உள்ளே அடைத்து நிற்பது காற்றல்ல, பெற்றோலின் ஆவி. ஆயினும் பெயரைப் பிழையாகச் சொன்ன எமது மெக்கானிக்மார் வருத்தத்தைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சின்ன விடயத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பற்றி எமது புலம்பெயர் மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் அடிக்கடி கேட்கிறோம். கேட்பது எப்போதும் ஒரே கதைதான்: சிங்கள அரசு பெற்றோலைத் தடுத்தது, தமிழன் மண்ணெண்ணெயில் காரை ஓட்டிக் காட்டினான். கைதட்டல் விழும். அடுத்த பேச்சாளர் வந்துவிடுவார். எப்படி ஓட்டினான், அந்த அறிவு எங்கிருந்து வந்தது, எவரின் கையிலிருந்து வந்தது, அந்த எண்ணெய் எவரின் விளக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்விகளை எவரும் கேட்பதில்லை. வரலாறு அதிசயமாக மாறும்போது அதைச் செய்தவர்கள் காணாமற் போய்விடுகிறார்கள். இக்குறிப்புகள் அந்த அதிசயத்தை அவிழ்த்துப் பார்க்கும் ஒரு முயற்சி. அதற்கு முதலில் எஞ்சினின் மூடியைத் திறந்தாக வேண்டும்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடியேற்றர் தண்ணீர் சுழல்கிறது, விசிறி காற்றை இழுக்கிறது, தாங்கியிலிருந்து குளிர்ந்த பெற்றோல் இடைவிடாது வந்துகொண்டிருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் இவை மூன்றும் ஒரே கணத்தில் நின்றுவிடுகின்றன. நிற்காதது இரும்பின் சூடு மட்டுமே. அந்தச் சூடு மெல்ல மெல்ல மேலேறி, எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கார்பரேற்றரையும் பெற்றோல் பம்பையும் பிடிக்கிறது. ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பின் வரும் பத்து இருபது நிமிடங்களில்தான் கார்பரேற்றர் அதிகம் சூடாகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம்.

பெற்றோல் தண்ணீரைப்போல ஒரு குறித்த வெப்பநிலையில் கொதிக்கும் தனிப்பொருள் அல்ல. பல திரவங்களின் கலவை. அதன் மிக மெல்லிய பகுதி 35, 40 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மிகக் கனத்த பகுதிக்கு 200 பாகை அளவு தேவை. சூடேறிய கார்பரேற்றரின் கிண்ணத்தில் மெல்லிய பகுதி கொதிக்கும்போது பெற்றோல் பொங்கி, ஜெற் துவாரங்களின் வழியே கீழே வழிந்து, உள்ளே போகும் குழாயை நனைத்துவிடும். அப்போது எஞ்சினுக்குள் பெற்றோல் அளவுக்கு மிஞ்சியிருக்கும், பிளக்குகள் ஈரமாகும். இது ஒரு வகை. மற்றது இதற்கு நேர்மாறானது: பம்புக்கும் குழாய்க்கும் உள்ளே ஆவி நிறைந்துவிடும். திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்யப்பட்ட பம்பினால் ஆவியைத் தள்ள முடியாது, கிண்ணம் வற்றிப்போகும். ஒன்றில் பெற்றோல் கூடிப்போய்விட்டது, மற்றதில் இல்லாமற் போய்விட்டது. வெளியே தெரிவதோ ஒரே அறிகுறி. சுற்றும், பிடிக்காது.

ஆகவே வைத்தியமும் இரண்டு. அதைப் பிரித்தறிய மெக்கானிக் செய்வது மிக எளிய காரியம். எயார் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையிலேயே கார்பரேற்றரின் வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேற்றர் கம்பியைக் கையால் இழுப்பார். முடுக்குப் பம்ப் உள்ள கார்பரேற்றர் என்றால் உள்ளே ஒரு பீச்சல் தெரியவேண்டும். தெரிந்து, பெற்றோல் மணமும் தூக்கலாக அடித்தால், எஞ்சின் மூழ்கிப்போயிருக்கிறது. அக்சிலேற்றரை அடிவரை மிதித்து, விட்டுவிட்டு மிதிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றினால் காற்று உள்ளே போய்ப் பிடிக்கும். பீச்சல் இல்லையென்றால் கிண்ணம் வற்றிவிட்டது. பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டு ஆறவிடவேண்டும். இரண்டும் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்க்க வேண்டும்; சூட்டில் கொயிலோ கொண்டென்சரோ களைத்துப் போயிருக்கும். எஞ்சின் சுற்றுவதே மந்தமென்றால் ஸ்ராட்டர் மோட்டாரைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் அம்பாசடர் ஓட்டியவர்களும் ஈரத்துணி வைத்தியத்தைச் செய்தார்கள். வட அமெரிக்காவில் இதற்குப் பெற்றோல் குழாயில் வரிசையாக மரத்தாலான துணிக் கிளிப்புகளைக் கொழுவினார்கள். அந்த வைத்தியத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்ராறியோவில் 2007 இலிருந்து பெற்றோலில் சராசரி 5 வீதம், 2020 இலிருந்து 10 வீதம் எதனோல் கலக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. எதனோல் கலந்த பெற்றோல் இன்னும் இலகுவில் ஆவியாகும். ஒஷாவாவில் கோடை காலத்தில் பழைய செவ்ரலேற்றுகளை மினுக்கி எடுத்துக்கொண்டு வரும் கிழவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே எரிந்து விழுவார்கள்.

இப்போது 1990 க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்தேவி நின்றது, அது மீண்டும் யாழ்ப்பாணம் வர 2014 ஒக்ரோபர் வரை செல்லவேண்டியிருந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட ஒரு பட்டியல் வடக்கே போவதை அரசு தடைசெய்தது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பட்ட அளவில் வந்தது. விளக்கெரிக்கும் எண்ணெயை முற்றாகத் தடைசெய்வது உலகத்தின் கண்ணுக்குக் கூடாமற் படும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், ஒரு சமூகத்தின் முழு இயக்கமும் அந்த ஓர் எண்ணெயின்மேல் ஏறிக்கொண்டது.

மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகையில்தான் கொதிக்கத் தொடங்குகிறது. அதன் கனத்த பகுதி ஆவியாக 250 பாகைக்கு மேல் வேண்டும். இதன் பொருள் என்ன? பெற்றோல் காருக்கு நாம் மேலே பார்த்த விதி தலைகீழாகிவிடுகிறது. பெற்றோல் கார் குளிரில் பிடிக்கும், சூட்டில் அடம்பிடிக்கும். மண்ணெண்ணெய்க் கார் சூட்டில் பிடிக்கும், குளிரில் எதைச் செய்தாலும் பிடிக்காது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. துளித்துளியாக நின்று பிளக்கை நனைத்துவிட்டு, சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கிவிடும்.

ஆகவே ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெய்க் கார் என்ற ஒன்றே இல்லை. தடைசெய்யப்பட்ட அந்தத் திரவத்தைச் சாரதிகள் மருந்துபோல் வைத்திருந்தார்கள். கார்பரேற்றரின் வாய்க்குள் சில துளி. எஞ்சின் பிடித்ததும் அது சூடேறும்வரை இன்னும் கொஞ்சம். பிறகு மண்ணெண்ணெய் தானாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் சாரதியின் முழுக் கவனமும் ஒன்றில்தான்: சூட்டை விடக்கூடாது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் துளி பெற்றோல் இல்லாமலே மறுபடி பிடிக்கும். இருபது நிமிடம் நிறுத்தினால் சந்தேகம். ஒரு மணித்தியாலம் என்றால் போத்தலை எடுக்கவேண்டியதுதான். ஆஸ்பத்திரி வாசலிலும் கலியாண வீட்டுப் படலையிலும் வாடகைக் கார்கள் எஞ்சினை நிறுத்தாமலே புகை கக்கிக்கொண்டு நின்றதற்குக் காரணம் சாரதியின் அவசரமோ அலட்சியமோ அல்ல. துளிப் பெற்றோல் விற்ற விலையோடு ஒப்பிட்டால், நின்ற இடத்தில் எரியும் மண்ணெண்ணெய் மலிவு. "தம்பி, சூடு ஆறமுன்னம் வந்திட வேணும்" என்று அன்று சாரதிமார் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். அப்போது நான் மாணவன். அந்த வசனத்துக்குள் பெற்றோலியத்தின் கொதிநிலை பற்றிய ஒரு முழுப் பாடம் இருந்ததை உணரவில்லை.

மலைநாட்டில் என்றால் சரிவில் நிறுத்தி உருட்டி எடுக்கலாம். யாழ்ப்பாணம் தட்டை நிலம். அங்கே சரிவுக்குப் பதிலாக மனிதர்கள் இருந்தார்கள். தள்ளினார்கள்.

ஏன் எல்லோரும் ஒஸ்ரின் ஏ-40 ஐயும் மொறிஸ் மைனரையும் மொறிஸ் ஒக்ஸ்போட்டையும் பற்றியே பேசுகிறார்கள்? அவை உறுதியான கார்கள் என்பது வழமையான பதில். உறுதியானவைதான். ஆனால் விடை அதுவல்ல. 1947 இல் வந்த ஏ-40 டெவனின் எஞ்சின் 1200 சிசி. அதன் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த மட்டமான பெற்றோலுக்கு ஏற்றபடி அவ்வளவு குறைவாக அமைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய், அமுக்கம் கூடிய எஞ்சினில் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, 'டொக் டொக்' என்று தட்டி, பிஸ்ரனை உடைத்துவிடும். அமுக்கம் குறைந்த எஞ்சினில், டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தால், தட்டல் தாங்கக்கூடிய அளவுக்கு வரும். இவற்றுக்கு முன்பக்கத்தில் ஹான்டில் போட்டுச் சுற்றும் துவாரமும் உண்டு. பற்றரி தடைசெய்யப்பட்ட ஊரில் அது பெரிய விடயம். பொயின்ற், கொண்டென்சர், ஜெற் எல்லாம் கையால் கழற்றி, மண்கடதாசியால் தேய்த்து, மறுபடி பூட்டக்கூடியவை. 1977 க்குப் பின் வந்து குவிந்த யப்பானியக் கார்கள் இத்தனை இலகுவில் இணங்கவில்லை.

அந்தக் கிழட்டுக் கார்கள் 1990 வரை உயிரோடு இருந்ததே இன்னொரு தட்டுப்பாட்டினால்தான். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருக்கும் காரைச் சாகவிடாமல் வைத்திருப்பதே ஒரு தொழிலாக வளர்ந்தது. கராஜ்களில் பெடியள் பதின்மூன்று பதினான்கு வயதில் சேர்ந்து, அடியும் பேச்சும் வாங்கி, இரும்பை வாசிக்கப் பழகினார்கள். சிறிமாவோ காலத்தின் இந்தத் தட்டுப்பாடு நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆகவே இந்தத் திறமையின் வேரில் 'தமிழ்' என்று தனியாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மாத்தறை மெக்கானிக்குக்கும் தெரிந்திருந்த கைவேலைதான் இது. மாத்தறைக்குப் பெற்றோல் போனது, எமக்கு வரவில்லை என்பதே வேறுபாடு.

அடுத்தது, மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்ற யோசனை. இதையும் எவரும் 1990 இல் வானத்திலிருந்து இறக்கவில்லை. பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கென்றே மண்ணெண்ணெயை ஒத்த ஒரு எண்ணெய் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. பெற்றோலைவிட அதற்கு வரி குறைவு. போர்ட்சன் உழவு இயந்திரங்களும், பேர்குசன் ரிஈ-20 இன் 1949 இல் வந்த ஒரு வகையும் அதில் ஓடின. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் அந்த எண்ணெய். பெற்றோலில் எடுத்து, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பிவிட வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, கார்பரேற்றரில் கிடக்கும் கனத்த எண்ணெயை எரித்துத் தீர்க்கவேண்டும். இல்லையேல் அடுத்த நாள் பிடிக்காது. புகைக்குழாயின் சூட்டை உட்குழாய்க்குக் கொடுத்து எண்ணெயை ஆவியாக்கும்படி அமைத்திருந்தார்கள். அதாவது, பெற்றோல் காரில் எது நோயோ அதையே இங்கே வேண்டுமென்று செய்து வைத்திருந்தார்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இந்த அறிவு வந்த வாசல் உழவு இயந்திரம்கூட அல்ல என்றே கருதுகிறேன். அது வந்தது தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து. துலா மிதித்து இறைத்த காலம் போய், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் மெசினால் இறைக்கும் காலம் வந்தபோது, அந்த இறைப்பு மெசின்களில் மிகப் பெரும்பாலானவை பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுபவை. உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் புன்னாலைக்கட்டுவனிலும், விடியப்புறம் மெசினை எடுக்கத் துளிப் பெற்றோல் விடுவதும், சூடேறியதும் குழாயைத் திருப்புவதும், இடையில் நின்றுபோனால் சூடு ஆறுமுன் மறுபடி கயிற்றை இழுப்பதும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். 1990 இல் நடந்தது என்னவென்றால், தோட்டக்காரனின் கிணற்றடி அறிவை நகரத்துக் கராஜ் எடுத்துக் காரில் பூட்டியது. வெள்ளைக் காற்சட்டை வைத்தியரின் ஏ-40 ஐ ஓடவைத்தது, சேறு படிந்த காலோடு இறைத்தவனின் அறிவு. எமது மேடைகள் கொண்டாடும் 'தமிழன்' என்ற பொதுப்பெயருக்குள் இந்த மனிதன் மறைந்துபோகிறான். பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் வெப்பவியலைக் கரும்பலகையில் எழுதிய எங்களில் எத்தனை பேர் அந்தக் கிணற்றடிக்குப் போய்க் கேட்டோம்?

இன்னொரு மறைவு இதைவிடக் கொடியது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டார்கள். அந்த ஒக்ரோபரில் வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவையும் ஐந்து சந்தியையும் அறிந்தவர்களுக்கு அங்கு என்ன தொழில் நடந்ததென்று தெரியும். தையலும் நகையும் மட்டுமல்ல; இரும்புக்கடை, பழைய இரும்பு, லொறி. பழைய இரும்பு என்பது குப்பை அல்ல. இறக்குமதி இல்லாத ஊரில் அதுவே உதிரிப்பாகக் களஞ்சியம். எந்தக் கழிந்த காரின் எந்தப் பாகம் எங்கே கிடக்கிறது, எது எதற்குப் பொருந்தும் என்ற அறிவை ஒரு சமூகம் தலைமுறைகளாகத் தன் தலைக்குள் வைத்திருந்தது. பொருளாதாரத் தடை விழுந்து நான்கு மாதத்துக்குள், அந்த அறிவு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், அதை உடையவர்களை நாங்கள் கையில் சில நூறு ரூபாவோடு அனுப்பிவிட்டோம். கடைகள் இருந்தன, உள்ளே இருந்தவை எடுக்கப்பட்டன. அதன்பின் ஓடிய மண்ணெண்ணெய்க் கார்களில் எத்தனையில் அந்தக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்ட பாகங்கள் இருந்தன என்ற கேள்வியை நான் கேட்கும்போது சில நண்பர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும். 'தமிழனின் விடாமுயற்சி' என்ற கதைக்குள் இந்தத் திகதி ஏன் வருவதில்லை என்பதற்கு அவர்கள் விடை சொல்லவேண்டும். நாங்கள் என்று நான் எழுதுவது யோசித்துத்தான். ஆயுதம் ஏந்தியவர்கள் வேறு, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வேறு என்ற பாகுபாடு நீதிமன்றத்தில் எடுபடலாம். வரலாற்றில் முழுமையாக எடுபடாது.

எண்ணெய்க்கு வருவோம். பெற்றோலில் ஏ-40 ஒரு கலனுக்கு முப்பது மைல் அளவில் ஓடும் கார். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெயில், நேரம் பிந்திய பொறியோடு, அதற்கும் குறைவு. அதே லீற்றரை ஜாம் போத்தல் விளக்கில் ஊற்றினால்? அந்த விளக்கைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சமே எண்ணெய், சுடர் ஒரு நெல்மணி அளவு. ஒரு பிள்ளை பல இரவுகள் அதில் படிக்கலாம். கொக்குவிலிலிருந்து பருத்தித்துறை போய் வரும் ஒரு காருக்குள் எத்தனை வீட்டு இரவுகள் எரிந்தன என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை. தோட்டத்துக்கும் அதே எண்ணெய்தான் வேண்டும். இறைக்காவிட்டால் வெங்காயம் கருகும். ஆகவே விளக்கும் பயிரும் காரும் ஒரே பீப்பாவின் முன் வரிசையில் நின்றன. விலை பல மடங்கு ஏறியது. வரிசையில் எவர் முன்னால் நின்றார், எவர் வரிசையில் நிற்கவே தேவையில்லாமல் இருந்தார் என்பதும் அந்தக் காலத்தில் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். தடையின் சுமை எல்லோர்மேலும் ஒரே மாதிரி விழுந்ததென்ற பேச்சு, தடையைப் போட்டவனையும் உள்ளே அதைப் பங்கிட்டவர்களையும் ஒருசேரக் காப்பாற்றும் பேச்சு.

அதற்காக அந்தக் கார்களை வீண்செலவு என்று தள்ளிவிடவும் முடியாது. பிள்ளைப்பேற்றுக்குத் துடித்த பெண்ணைச் சைக்கிள் பாரில் ஏற்ற முடியாது. ஷெல் விழுந்த வீட்டிலிருந்து காயப்பட்டவரைக் கொண்டுபோக அந்தக் கார்தான் வந்தது. சூடு ஆறிய எஞ்சினோடு நிற்கும் கார் அந்த இரவுகளில் என்ன பொருள்படும் என்பதை எண்ணிப் பார்த்தால், சாரதிகள் எஞ்சினை நிறுத்தாமல் விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

விலை இன்னும் இருக்கிறது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெயின் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். எரியாமல் வழிந்த எண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து, ஒயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கூடியதைக் கண்டு மகிழ்ந்தவனின் எஞ்சின் பெயாரிங் போய்விடும். நீர்த்த ஒயிலை மாற்றுவதற்கும் புது ஒயில் இல்லை. பிளக்கைக் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்டுவது அன்றாடக் கடமை. பக்கத்தில் பெற்றோல் போத்தலை வைத்துக்கொண்டு, கொதிக்கும் எஞ்சினின்மேல் குனிந்து துளி விட்டவர்களின் கையும் முகமும் எத்தனை முறை வெந்திருக்கும்? இதற்கும் எங்கள் மலர்களில் இடமில்லை.

மண்ணெண்ணெயின் வரலாறு உலகில் எழுதப்படாதது அல்ல. இலங்கையிலேயே, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிந்துபோன ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து களைத்து, உருண்டு போகாத, திருகு மூடி போட்ட, அடி கனத்த குட்டை விளக்கொன்றை வடிவமைத்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் கையில் எடுத்தது ஒரு கண்ணாடிக் குப்பியைத்தான். ஆனால் எழுதினார், அளந்தார், பதிவு செய்தார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேற்றனில், முதலாம் உலகப்போர்க் காலத்தில், கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் தரும் 'டெல்கோ லைற்' என்ற மண்ணெண்ணெய் எஞ்சின் தட்டத் தொடங்கியது. அது ஏன் தட்டுகிறது என்று கேற்றரிங்கின் ஆய்வுகூடத்தில் மிட்ஜ்லி ஆராயப் போனார். 1921 டிசம்பரில் பெற்றோலில் ஈயம் கலக்கும் முறையில் அது முடிந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் பணம் சம்பாதித்தது, உலகம் ஈயத்தைச் சுவாசித்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல்தான் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுகிறது என்ற அதே சிக்கலை எமது கராஜ்க்காரன் டிஸ்ரிபியூற்றரை ஒரு விரற்கடை திருப்பித் தீர்த்தான். அவனுடைய வழி உலகத்துக்குப் பெரிய கெடுதல் செய்யவில்லை. மிட்ஜ்லிக்கு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன.

நான் வாழும் ஒஷாவா கார்களால் எழுந்த நகரம். மக்லோக்லின் குடும்பத்தின் குதிரை வண்டிப் பட்டறை 1907 இல் பியூக் எஞ்சினைப் பூட்டிக் கார் செய்யத் தொடங்கியது. 1918 இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் கனடா ஆயிற்று. 1937 ஏப்ரலில் தொழிலாளர் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்து தங்கள் சங்கத்தை நிலைநாட்டினார்கள். சிம்கோ வீதியில் இருக்கும் கார் அரும்பொருட்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை உண்டு: ஆண்டு, எஞ்சின், செய்தவர். முதலாளியின் மாளிகையை அவர்கள் பாதுகாத்தார்கள். வேலைநிறுத்தக்காரரின் புகைப்படங்களையும் வைத்திருக்கிறார்கள். ஹவானாவில், அமெரிக்கத் தடைக்குப் பின் ரஷ்ய எஞ்சின் பூட்டி ஓட்டிய 1950களின் கார்களைப் படம் எடுக்காத சஞ்சிகை உலகில் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு முழுக் குடாநாடும், அதற்குப் பின்னும் 2002 வரை வன்னியும், விளக்கெண்ணெயில் ஓடியதற்கு எம்மிடம் என்ன இருக்கிறது? நினைவுமலர்களில் நாலு வரி, கள்ளுத் தவறணைப் பகிடி, ஒரு கைதட்டல்.

2022 இல் இலங்கை முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, வடக்கில் இருந்தவர்கள் இது எங்களுக்குப் பழகினதுதானே என்று சொன்னார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. கடற்றொழிலாளரும் தோட்டக்காரருமே அப்போது அழுதார்கள்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ ஒரு பழைய மெக்கானிக்கையோ வாடகைக் கார்ச் சாரதியையோ தெரிந்திருக்கும். ஸ்காபரோவின் ஒரு கராஜில் இப்போது கொம்பியூட்டரைப் பூட்டிக் கோளாறு பார்க்கிறவர்களில் சிலர் அன்று கார்பரேற்றர் வாய்க்குள் துளி விட்டவர்கள். புத்தளத்திலும் தேடவேண்டும், சோனகத் தெருவிலிருந்து போனவர்கள் அங்கே பல ஆண்டுகள் அகதி முகாம்களில் இருந்தார்கள். கேட்கவேண்டிய கேள்விகள் உணர்ச்சிகரமானவை அல்ல. டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு திருப்பினீர்கள்? ஜெற் துவாரத்தைப் பெரிதாக்கினீர்களா, எதனால்? ரேடியேற்றருக்கு முன்னால் எதைக் கட்டி எஞ்சினைச் சூடாக வைத்தீர்கள்? நிறுத்திய பின் எத்தனை நிமிடம்வரை பெற்றோல் இல்லாமல் பிடித்தது? அந்தப் பாகத்தை எங்கே வாங்கினீர்கள், எவரிடம்? 1990 இல் முப்பது வயதாக இருந்த மெக்கானிக்குக்கு இன்று அறுபத்தைந்தைத் தொட்டோ தாண்டியோவிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்கள் எதையும் எழுதி வைத்தவர்கள் அல்லர்.